எண் பெயராகலாம், சாவியாகக் கூடாது



சிங்கப்பூரில் பதினைந்து வயது ஆனதும் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேரும் ஒரு சின்ன அட்டைதான் இன்றைய தலைப்பு. வங்கிக் கணக்கு திறக்க அது வேண்டும். மருந்தகத்தில் பெயர் பதிய அது வேண்டும். வீடு வாங்க, திருமணம் பதிய, தேர்தலில் வாக்களிக்க என எல்லாவற்றுக்கும் 'ஐசி' வேண்டும். இப்படிப் பழகிப்போன ஒரு பொருளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பழகிப்போனதுதான் சிக்கலே. யார் கேட்டாலும் நீட்டிவிடும் பழக்கம் நம் மக்களிடம் ஊறிவிட்டது.

இந்த அட்டை வந்த கதை சற்று பழையது. 1948-ல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் அரசு மக்களுக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. கம்யூனிஸ்டுப் போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்தறிவதே நோக்கம். புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட காகித அட்டை அது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1966-ல் சிங்கப்பூர் தன் மக்களை மறுபதிவு செய்து புதிய அட்டைகளைக் கொடுத்தது. பாதுகாப்புக்காகப் பிறந்த அட்டை, காலப்போக்கில் எல்லாக் காரியத்துக்கும் நுழைவுச்சீட்டு ஆனது.

அந்த அட்டையில் என்னென்ன இருக்கின்றன? பெயர், புகைப்படம், இனம், பிறந்த தேதி, பால், பிறந்த நாடு, முகவரி, கட்டைவிரல் ரேகை. அட்டையின் இரு பக்கங்களையும் ஒருவர் நகல் எடுத்தால் இத்தனையும் ஒரே தாளில் அவர் கைக்குப் போய்விடும். எண்ணும் சும்மா இல்லை. 1999 வரை பிறந்தவர்களுக்கு 'எஸ்' என்றும், 2000 முதல் பிறந்தவர்களுக்கு 'டி' என்றும் தொடங்குகிறது. 1968-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் காட்டுகின்றன. ஆக, எண்ணைச் சொன்னால் வயதையும் சொன்னதாகிறது.

ஒரு காலத்தில் பேரங்காடியில் அதிர்ஷ்டக் குலுக்கு என்றால் சீட்டில் பெயர், தொலைபேசி எண்ணுடன் அடையாள அட்டை எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். கூட்டுரிமை வீட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போனால், வாசலில் காவலாளியின் தடித்த புத்தகத்தில் எண்ணை எழுத வேண்டும். முன்பு வந்தவர்கள் எழுதியதை அடுத்து வருபவர் தாராளமாகப் படிக்கலாம். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் அட்டையையே அடமானமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. அடையாள அட்டை தொடர்பான கண்டிப்பான வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. சட்டம் கோரினால் அல்லது ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தால் மட்டுமே தனியார் நிறுவனங்கள் எண்ணைக் கேட்கலாம். ஹோட்டலில் தங்கும்போதும், மருத்துவரைப் பார்க்கும்போதும், கைத்தொலைபேசி இணைப்பு வாங்கும்போதும் கேட்பது சரி. அதிர்ஷ்டக் குலுக்குக்குக் கேட்பது சரியல்ல. அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கூடாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. இந்த வழிகாட்டி வெளிநாட்டவருக்குரிய அடையாள எண்ணுக்கும் வேலை அனுமதிச்சீட்டு எண்ணுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிமார்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. "அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ" என்று கடைக்காரர் சொன்னால், எதற்கு என்று கேட்க அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

வழிகாட்டி வந்த பிறகு நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தன. முழு எண் வேண்டாம், கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும் போதும் என்றன. மக்களும் பாதி மறைந்திருக்கிறது என்று நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதி சரிதானா? ஒருவர் பிறந்த ஆண்டு தெரிந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் தெரிந்துவிடும். கடைசி மூன்றும் தெரியும். நடுவில் மிஞ்சுவது இரண்டே இலக்கங்கள், அதாவது நூறு வாய்ப்புகள். கடைசியில் வரும் எழுத்து, முன்னுள்ள இலக்கங்களைக் கணக்கிட்டு 11-ஆல் வகுத்து வரும் மீதியைக் கொண்டு அமைவது. அதை வைத்துக் கழித்தால் நூறு வாய்ப்புகள் ஏறக்குறைய ஒன்பதாகச் சுருங்கிவிடும். மெல்லிய திரைச்சீலையைச் சுவர் என்று நம்பியிருந்தோம் என்பதே உண்மை.

இந்தப் பின்னணியில்தான் 2024 டிசம்பர் மாதச் சம்பவம் நடந்தது. வர்த்தக நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க ஆணையமான 'அக்ரா', 'பிஸ்ஃபைல்' என்ற தன் இணையவாசலை டிசம்பர் 9-ஆம் தேதி புதுப்பித்து வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரைத் தட்டித் தேடினால், பதிவேட்டில் இருப்பவரின் முழு அடையாள அட்டை எண் இலவசமாகத் திரையில் வந்தது. நாடே கொதித்தது. டிசம்பர் 13-ஆம் தேதி இரவு அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. அந்த ஐந்து நாள்களில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். எண்ணைப் பாதி மறைத்துப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2024 ஜூலையில் அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கையை, முழு எண்ணையும் காட்டச் சொன்னதாக ஆணையம் புரிந்துகொண்டது என்று 2025 மார்ச்சில் வெளிவந்த மறுஆய்வு அறிக்கை கூறியது.

அப்போது அரசாங்கம் தந்த விளக்கத்தை ஆத்திரத்தில் பலர் காது கொடுத்துக் கேட்கவில்லை. "அடையாள அட்டை எண் இரகசியம் அல்ல. அது பெயரைப் போன்றது" என்பதே அந்த விளக்கத்தின் சாரம். யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஊரில் பத்து முத்துசாமிகள் இருந்தால் எந்த முத்துசாமி என்று சொல்ல எண் உதவுகிறது. ஆனால் "நான்தான் அந்த முத்துசாமி" என்று மெய்ப்பிக்க அதே எண் எப்படி உதவும்? முத்துசாமியின் எண்ணை முதலாளி அறிவார், மருந்தகம் அறியும், காப்புறுதி முகவர் அறிவார். நூறு பேருக்குத் தெரிந்த ஒன்றைச் சாவியாக வைப்பது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசற்படியில் வைத்த கதைதான்.

நடைமுறையில் நடந்தது அதுதான். காப்புறுதி நிறுவனமோ வேறு நிறுவனமோ மின்னஞ்சலில் ஓர் ஆவணத்தை அனுப்பி, அதைத் திறக்க அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கையும் பிறந்த தேதியையும் தட்டச் சொன்ன காலம் உண்டு. அப்படிச் செய்வதை விரைவில் நிறுத்த வேண்டும் என்று 2025 ஜூன் மாதத்தில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் தனியார் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தின. முழு எண்ணோ பாதி எண்ணோ, மறைச்சொல்லாகக் கூடாது என்பது அதன் பொருள்.

ஆனாலும், இரகசியமல்ல என்பதற்காக எண்ணை வீதியில் கொட்டலாமா? கூடாது. ஏனென்றால் மோசடிக்காரர்களுக்கு அதுதான் தூண்டில். தொலைபேசி ஒலிக்கிறது. "அம்மா, காவல்துறையிலிருந்து பேசுகிறோம். உங்கள் அடையாள அட்டை எண் இதுதானே?" என்று ஒரு குரல் எண்ணைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறது. பாட்டியின் மனம் அங்கேயே நம்பிவிடுகிறது. இவருக்கு எண் தெரிந்திருக்கிறதே, இவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அடுத்த அரைமணி நேரத்தில் வாழ்நாள் சேமிப்பு போய்விடலாம். 2024-ல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. ஆகவே வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இதைச் சொல்லிவைப்பது பிள்ளைகளின் கடமை: எண்ணைச் சரியாகச் சொல்பவர் எண் தெரிந்தவர் மட்டுமே, அதிகாரி என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

தனியார் நிறுவனங்களைப் பற்றிப் பேசிவிட்டு அரசாங்கத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையாகாது. தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதன் அபராதங்களும் பொதுத்துறை அமைப்புகளுக்குப் பொருந்துவதில்லை. அவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உள்விதிகளும் உண்டு. 2018-ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள் 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை அள்ளிச் சென்றார்கள். கிருமித்தொற்றுக் காலத்தில் வந்த 'டிரேஸ்டுகெதர்' செயலியையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று சொல்லி, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு மக்கள் அதில் பதிவு செய்தார்கள். குற்ற விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தகவலைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் மனம் வருந்தியதும், அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு கட்டியது. திருத்திக்கொண்டது நல்லதே. ஆனால் வரம்பைத் தகவல் வாங்கும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

"தப்பு செய்யாதவனுக்கு எதற்கு மறைவு?" என்று சிலர் கேட்பார்கள். குளியலறைக் கதவைச் சாத்துபவர் எந்தத் தப்பும் செய்வதில்லை. வங்கிப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டாதவரும் குற்றவாளி இல்லை. தன் விவரம் யாரிடம், எதற்காக, எவ்வளவு காலம் இருக்கிறது என்று அறிய விரும்புவது மனிதருக்குரிய மரியாதை.

அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது இல்லாமல் இங்கே நிர்வாகம் நடக்காது. வேண்டியதெல்லாம் மூன்று பழக்கங்கள். எண்ணைக் கேட்பவரிடம், "எதற்கு? எந்தச் சட்டப்படி?" என்று பணிவாகக் கேளுங்கள். அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ மறைச்சொல்லாக வைத்திருந்தால் இன்றிரவே மாற்றுங்கள். அட்டையின் நகலைக் கொடுக்க வேண்டி வந்தால், என்ன காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

கேட்பது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். காரணம் உள்ளவர் பதில் சொல்வார். பதில் சொல்லத் தெரியாதவருக்கு எண்ணும் தேவையில்லை.