ஓவிய விருப்பமும் நட்பின் அளவும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நாவுக்கும் கலைக்கும் ஒரே சொல்லை வைத்தது தமிழ். சுவை என்பது உணவுக்கும் உரியது, பாட்டுக்கும் உரியது. பிடித்த ஓவியம் எது என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஓவியத்தைப் பற்றிச் சொல்வதாக எண்ணிக்கொண்டு அவர் தம்மைப் பற்றியே சொல்லிவிடுவார். இதற்குச் சான்றாக ஓவிய நண்பர் இருவரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

1888 அக்டோபர் 23ஆம் நாள், தென் பிரான்சின் ஆர்ல் நகருக்குப் பால் கொகேன் வந்து சேர்ந்தார். அழைத்தவர் வின்சென்ட் வான்கோ. ஓவியர்கள் கூடி வாழும் இல்லம் ஒன்று வேண்டும் என்பது அவர் கனவு. நண்பரின் அறைக்கென்றே சூரியகாந்திப் பூக்களை வரைந்து வைத்திருந்தார். அக்கூட்டு வாழ்க்கை இரண்டு திங்களே நீடித்தது.

அந்நாள்களில் எமில் பெர்னார் என்னும் இளைய ஓவியருக்குக் கொகேன் எழுதிய கடிதம் ஒன்றில், தாமும் வான்கோவும் ஓவியத்தில் ஒத்துப்போவது அரிது என்கிறார். தோமியே, தோபிஞி, தியோதர் ரூசோ ஆகியோர் வான்கோவுக்கு உகந்தவர்கள். கொகேனின் நெஞ்சை அவர்கள் தொடவில்லை. கொகேன் வியந்த ரஃபேல், ஆங்கர், தெகா ஆகியோரோ வான்கோவுக்கு ஆகாதவர்கள்.

இப்பட்டியலே இரண்டு மனங்களின் படம் அன்றோ? தோமியே எளிய மாந்தரை வரைந்தவர். தோபிஞியும் ரூசோவும் ஆற்றையும் காட்டையும் நேரில் கண்டு தீட்டியவர்கள். ரஃபேலும் ஆங்கரும் தெளிந்த கோட்டுக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்றவர்கள். கண்முன் பொருள் நில்லாமல் வரைய வான்கோ தயங்கினார். நினைவிலிருந்து வரைக என்று கொகேன் வற்புறுத்தினார்.

சொல்லைவிடச் செயல் இன்னும் தெளிவாகப் பேசும். செசான் வரைந்த பழத்தட்டு ஓவியம் ஒன்றைக் கொகேன் தம் உடைமையாக வைத்திருந்தார். வறுமையிலும் அதை எளிதில் விற்க அவர் மனம் ஒப்பவில்லை. 1890இல் தாம் தீட்டிய ஒரு பெண்ணின் உருவப்படத்துக்கு அதையே பின்புலமாக அமைத்தார். வான்கோவோ, சான்-ரெமி மருத்துவமனையில் நோயோடு போராடிய நாள்களில், உழவரை வரைந்த மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பார்த்து ஏறத்தாழ 20 வண்ண ஓவியங்களைத் தீட்டினார். ஒருவர் தேடியது கட்டுக்கோப்பு. மற்றவர் தேடியது மனிதத் துணை. துன்பத்தில் எந்த ஓவியத்தின் முன் போய் நிற்கிறோமோ, அதுவே நம் உண்மையான விருப்பம்.

1888 டிசம்பரில் இருவரும் மோன்பெலியே நகர அருங்காட்சியகத்துக்குச் சென்று தெலக்ரோவா, கூர்பே ஆகியோரின் படைப்புகளைக் கண்டனர். வாதம் தலை ஓயும் அளவுக்குச் சூடேறியது என்று தம்பி தியோவுக்கு வான்கோ எழுதினார். அம்மாதம் 23ஆம் நாள் நிகழ்ந்த துயரத்தை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ரசனை வேறுபாடு ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. வான்கோவின் நோயை மறத்தலாகாது. அதன்பின் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழவில்லை. ஆயினும் கடிதங்கள் நிற்கவில்லை. வான்கோ மறைந்து பதினோர் ஆண்டுகள் கழிந்து, 1901இல், தொலைவிலுள்ள தாகித்தித் தீவில் இருந்தபடி கொகேன் சூரியகாந்திப் பூக்களை வரைந்தார். நண்பரின் மலர் அவர் கைக்கு வந்து சேர அத்தனைக் காலம் ஆயிற்று.

நண்பர்களே, விருப்பம் ஒருவரின் இயல்புக்குச் சான்று. தகுதிக்குச் சான்று அன்று. இதை மறக்கும் வட்டங்கள் உடைகின்றன. உடையாதவற்றுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பத்தாண்டுப் பழக்கத்தில், எவ்வடிக்குக் கைத்தட்டல் எழும் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. எல்லார்க்கும் பிடித்ததையே எல்லாரும் எழுதத் தொடங்கினால், இங்கே மிஞ்சுவது இணக்கம், கவிதை இராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிவரும் கூட்டங்களில், தமக்குப் பிடிக்காத, ஆனால் நண்பர் போற்றுகின்ற ஒரு கவிதையை ஒவ்வொருவரும் கொண்டுவருவோம். நண்பர் அதில் என்ன கண்டார் என்பதை, அவர் வாய் திறக்கும் முன் நாமே சொல்ல முயல்வோம். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, கண்டுகொண்டால் போதும். அடுத்த பத்தாண்டுக்கு அதுவே நல்ல தொடக்கம்.