சுவருக்குப் பொறுப்பானவர்



1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐந்து பெரிய ஓவியங்களை மாட்டினார்கள். வரைந்தவர் மார்க் ராத்கோ, அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்த ஓவியர். அந்த இடத்துக்கென்றே ஆறு ஓவியங்கள் வரைந்து, அவற்றில் ஐந்தைத் தேர்ந்து கொடுத்தார். அடர்ந்த கருஞ்சிவப்பு வண்ணம். மாட்டிய இடம், ஹோல்யோக் சென்டர் என்ற கட்டடத்தின் பத்தாம் மாடியில் இருந்த சாப்பாட்டு அறை. பெரிய ஜன்னல்கள் வைத்த அறை அது. ஜன்னல் திரைகளை மூடியே வைக்க வேண்டும் என்பது ராத்கோவின் விருப்பம். ஆனால் சாப்பிட வந்தவர்களுக்கு வெளியே தெரியும் காட்சி பிடித்திருந்தது, திரைகளைத் திறந்துவிட்டார்கள். வெயில் உள்ளே வந்தது. ராத்கோ பயன்படுத்திய சிவப்புகளில் ஒன்று லித்தால் ரெட், வெளிச்சம் பட்டால் வெளிறிப்போகும் நிறமி. கிழிசலும் கறையும் கிறுக்கலும் வேறு சேர்ந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள், 1979இல், ஓவியங்கள் கிடங்குக்குப் போய்விட்டன.

2014இல்தான் அவற்றை முறையாக மறுபடியும் காட்சிக்கு வைக்க முடிந்தது. வெளிறிய இடங்களில் தூரிகை வைக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு வண்ண ஒளியை புரொஜெக்டர் வழியாக ஓவியத்தின் மேல் பாய்ச்சினார்கள். பழைய சிவப்பு கண்ணுக்குத் திரும்பியது. அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த ஒளியை அணைத்தார்கள். வெயில் தின்றது போக மிச்சம் என்ன என்பது அப்போது தெரிந்தது.

இத்தனைக்கும் அதே பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகம் 1895 முதல் இருக்கிறது. கலைப்பொருள் பாதுகாப்பில் பேர்போன ஆய்வுக்கூடமும் இருந்தது. சாப்பாட்டு அறையில் ஒருவர், 'இந்தச் சுவரைப் பார்த்துக்கொள்வதே என் வேலை' என்று தினமும் வந்து நின்றிருந்தால் அந்தத் திரை திறந்தே கிடந்திருக்காது என்று நான் நம்புகிறேன். பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் அந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவருக்குப் பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். மேலாளர், கியூரேட்டர், பொறுப்பு ஆசிரியர். அவருடைய முதல் வேலை வெளிச்சத்தை அளப்பது. காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியம், அச்சுப்படம், துணி, இவற்றுக்கு, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், 50 லக்ஸ் வரை போதும் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கைக்கொள்ளும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். நம் ஊர் நண்பகல் வெயிலோ பல்லாயிரக்கணக்கான லக்ஸ். ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாணவி ஒருத்தியின் நீர்வண்ணத்தை மாட்டலாமா என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமாக இருப்பதில்லை. அந்தப் படம் எத்தனை வருஷம் வாழும் என்பதையும் அந்த ஆணிதான் முடிவு செய்கிறது.

அடுத்தது ஈரம். பகலெல்லாம் ஏ.சி. ஓடும், ஐந்து மணிக்கு அலுவலகம் மூடியதும் அதையும் நிறுத்திவிடுவார்கள். கடலோர ஊரில் இரவு முழுக்க ஈரக்காற்று உள்ளே புகும், காலையில் மறுபடி குளிர் வரும். ஓவியத்தின் கித்தான் துணி தளர்ந்து, இறுகி, தளர்ந்து, அதன் மேலிருக்கும் வண்ணம் விரிசல் விடும். தொடர்ந்து ஒரே அளவில் இருக்கும் மிதமான வெப்பம், இப்படி ஏறி இறங்கும் குளிரை விட நல்லது. ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிப்பதும் பூஞ்சணம் பிடிப்பதும் ஈரம் தேங்கிய மூலைகளில்தான். அதனால்தான் அனுபவமுள்ள பொறுப்பாளர் மழைக்காலத்தில் படத்தின் முகத்தை விட முதுகை அடிக்கடி பார்ப்பார்.

கண்காட்சிக்கு ஒரு படைப்பு வந்து இறங்கியதும் அதன் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். சட்டகத்தின் இடது மூலையில் கீறல், கீழ்ப்பக்கம் ஒரு கறை என்று எழுதி, படம் எடுத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படியே. இதைச் சலிப்பான காகித வேலை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. மாணவரின் படைப்புக்குக்கூடவா என்று கேட்பார்கள். மாணவரின் படைப்புக்குத்தான் முக்கியமாகச் செய்ய வேண்டும் என்பேன். தன் கையால் செய்ததை ஒரு நிறுவனம் மதித்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறது என்பதை இருபது வயதில் ஒருவர் முதன்முதலாக உணரும் இடம் அது.

மாட்டுவதற்கு முன் சுவரைத் தயார் செய்ய வேண்டும். பழைய ஆணித் துளைகளில் பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடித்து, காயவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டுவார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்தில் வருவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு காட்சி வைத்தால் அதைத் தாராளமாக இறக்கலாம், இறக்கத்தான் வேண்டும். இந்த வேலைகளை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிற கல்லூரிகள் ஒரு பெரிய பாடத்தை மாணவர்களிடமிருந்து பறித்துவிடுகின்றன. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், நடுவில் எவ்வளவு வெறுஞ்சுவர், யாருக்கு வாசலுக்கு நேர் சுவர் என்று அவர்களே விவாதித்து, மாட்டி, தள்ளி நின்று பார்த்து, கழற்றி மறுபடி மாட்டட்டும். தன் படத்தை இன்னொருவர் படத்தோடு சேர்த்துப் பார்க்கும் கண் அங்கே பிறக்கிறது.

இங்கே தொடக்க விழா பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பேனருக்கும் மாலைக்கும் பணம் எப்படியோ வந்துவிடுகிறது. நல்ல விளக்குகளுக்கு வருவதில்லை. அதோடு குத்துவிளக்கைக் கூடத்துக்குள்ளேயே ஏற்றுகிறோம். கித்தானுக்கும் காகிதத்துக்கும் பக்கத்தில் திறந்த தீயும் எண்ணெய்ப் புகையும் கூடவே கூடாது. விளக்கைத் தாழ்வாரத்தில் வைத்து ஏற்றினால் விழாவின் சிறப்பு ஒன்றும் குறையாது.

வடிவமைப்புப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது இன்னும் கடினம். 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அதுவே வித்து. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களில் மிகச் சிறந்தது என்று அவர்கள் வியந்து சொன்னது எதைத் தெரியுமா? நம் செம்பை. நிறைந்திருக்கும்போது எடை எப்படி, காலியானால் எப்படி, எப்படி ஊற்றுகிறது, கைக்கு எப்படி அடங்குகிறது, தொட்டால் எப்படி இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார்கள். அந்தச் செம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் கிடைக்குமா? அரிய பழைய செம்பு பெட்டிக்குள் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் எடுத்துப் பார்க்க இன்னொன்று, ஒரு குடம் தண்ணீரோடு, இருக்க வேண்டும். நாற்காலி என்றால் உட்கார ஒன்று வேண்டும். இதற்கு இடமும் ஆளும் தேவை. ஆனாலும் விடக்கூடாத செலவு இது.

ஹார்வர்டு கதையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பதே பத்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற கல்லூரி இருக்கிறது. 1940இல் எலன் ஜான்சன் என்பவர் அங்கே ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கல்லூரி அருங்காட்சியகத்தின் அசல் படைப்புகளை மாணவர்கள் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போய்த் தங்கள் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பில் பிக்காசோ உண்டு, வார்ஹோல் உண்டு. வாடகை, பல ஆண்டுகள் படம் ஒன்றுக்கு ஐந்து டாலராகத்தான் இருந்தது. விருப்பப்பட்ட படம் கிடைக்க வேண்டுமே என்று மாணவர்கள் முந்தைய இரவே வந்து வரிசையில் படுத்துவிடுவார்கள். பல தலைமுறைகளாக நடந்துவருகிற வழக்கம் இது. எந்தப் படம் யாரிடம் என்பதற்குப் பதிவு உண்டு, எங்கே எப்படி மாட்டுவது என்று சொல்லித் தர ஆள் உண்டு. ஆகவே துணிந்து கொடுக்க முடிகிறது.

நம் நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சாந்திநிகேதனில் உள்ள கலாபவனம் என்ற கலைப்பள்ளியின் நந்தன் மேளா. ஓவியர் நந்தலால் போஸின் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாள்களில் நடக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த நாள்காட்டி, வாழ்த்து அட்டை, மண்பாண்டம், அச்சுப்படம் எல்லாம் சாதாரணமானவர்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கும். வருமானம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. கலையும் கைவினையும் வடிவமைப்பும் ஒரே மரத்தடியில் கடை விரித்திருக்கும்.

பணம் என்று வரும்போதுதான் கலைக்கூடங்கள் தடுமாறுகின்றன. 2009இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் தன் ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடிச் சேகரிப்பை விற்க முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு நடந்தது, 2011இல் அருங்காட்சியகம் தப்பியது. நம் பக்கம் விற்பதற்குப் பெரிய சேகரிப்பு இல்லை. ஆனால் தேர்வு வந்தால் கலைக்கூடத்தில் பெஞ்சு போட்டுவிடுவார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அப்படிச் செய்வார்களா? கலைக்கூடமும் ஆய்வுக்கூடம்தான். அதற்கும் ஆண்டு நிதியும் நிரந்தரப் பணியாளரும் வேண்டும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு அருகில் கவின்கலைக் கல்லூரியோ வடிவமைப்புத் துறையோ இருந்தால் அதன் ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் போய் வாருங்கள். மேசையில் வருகைப் பதிவேடு இருக்கும். பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, எந்தப் படைப்பின் முன் அதிக நேரம் நின்றீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது பொறுப்பாளர் கையில் எடுத்துப் போவது அந்தப் பதிவேட்டைத்தான்.