மகள் கற்பித்த இலக்கணம்



முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் நான். ஆயினும், நன்னூலின் ஒரு நூற்பாவை எனக்கு விளங்கவைத்தது என் வீட்டுப் பிள்ளைதான். அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றியது நன்னூல். பேடு என்னும் சொல்லை எந்தப் பாலில் வழங்குவது என்று அதில் ஒரு நூற்பா உண்டு. பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விழைவோரை ஆண்பாலாகவும், ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை விழைவோரைப் பெண்பாலாகவும் வழங்குக என்பது அதன் கருத்து. அஃறிணை போலவும் வழங்கலாம் என்று இறுதியில் ஓர் இடமும் தருகிறது. இந்நூற்பாவை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். அதை அடக்க வேண்டிய நானும் உடன் சிரித்திருக்கிறேன். ஓர் ஆண்டு அவ்வகுப்பின் மூன்றாம் வரிசையில் என் பிள்ளையும் அமர்ந்திருந்தது.

சில திங்கள் சென்றன. ஓர் இரவு அப்பிள்ளை என் அருகில் வந்து நின்று, "அப்பா, நான் உங்கள் மகன் இல்லை, மகள்" என்றது. நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் வீட்டில் பேச்சே அற்றுப்போயிற்று. ஒரு வாரம் கழித்து மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். "இதை மாற்றித் தாருங்கள்" என்று வேண்டினேன்.

"இது நோயன்று, ஐயா. மாற்றிக்கொள்ள வேண்டியவர் நீங்கள்" என்றார் அவர். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலும் இந்நிலையை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது.

என்னினும் விரைவாகக் கற்றுக்கொண்டவள் என் மனைவி. அன்றிரவு அடுக்களையிலிருந்து, "சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடம்மா" என்று குரல் கொடுத்தாள். அந்த 'அம்மா' என்னும் ஒரு சொல்லைக் கேட்டு அக்குழந்தை அழுத அழுகையை நான் மறக்கவியலாது. அன்றுதான் எனக்கு மகள் பிறந்தாள்.

வீட்டில் ஏற்றுக்கொண்டால் போதுமா? போதாது. பள்ளியில் வருகைப் பதிவேடு பழைய பெயரையே கூவியது. கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி, அவள் நாள் முழுவதும் தண்ணீர் பருகாமல் இருந்தாள். நான் பள்ளித் தலைவரைச் சென்று கண்டேன். "மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்களோ!" என்றார் அவர். மறுமுறை சென்றபோது, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை உச்சநீதிமன்றம் 2014இல் ஏற்றதை எடுத்துரைத்தேன். கல்விக்கூடங்கள் வேற்றுமை காட்டலாகாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததையும் காட்டினேன். மூன்றாம் முறை சென்றபோதுதான், வகுப்பில் புதிய பெயரால் அழைக்கவும், ஆசிரியைகளின் கழிப்பறையை அவள் பயன்படுத்தவும் இசைந்தார். கேட்டவை அனைத்தும் கிடைத்துவிடவில்லை. எனினும் என் மகள் தண்ணீர் பருகினாள், படித்தாள்.

மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது நாம் பெருமை கொண்டோம். ஆனால் அவர் இளமையிலேயே குடும்பத்தைப் பிரிய நேர்ந்ததை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? உயர்ந்தபின் போற்றுவது எளிது. குழந்தையாய் நிற்கும்போது உடன் நிற்பதே கடமை. வீட்டுக் கதவு சாத்தப்பட்டால் அப்பிள்ளைகள் எங்கே செல்வார்கள்? தெருவுக்கன்றோ!

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிலும் இத்தகைய தோழர் ஒருவர் இருக்கலாம். அவர் விரும்பும் பெயரால் அழையுங்கள். அவர் உங்களிடம் கூறியதை, அவர் இசைவின்றிப் பிறரிடம் கூறாதீர்கள். எவரேனும் எள்ளி நகைத்தால், அவர் ஆசிரியரே ஆயினும், உடன் நகைக்காதீர்கள். ஒருவர் நகைக்காதிருப்பதே மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளைக்குப் பெருந்துணை.

பணி ஓய்வுக்கு முன் கடைசி முறையாக அந்நூற்பாவை நடத்தினேன். அவரவர் விழைவே பாலை வகுக்கும் என்று எழுதிய அறிஞரை வணங்கினேன். அஃறிணைக்கு இடம் தரும் இறுதிப் பகுதியை மட்டும் நான் ஏற்பதற்கில்லை என்றும் கூறினேன். அன்று வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.