துக்கத்துக்கும் ஒரு வாசல் வேண்டும்

(மாத்தளையில் நடைபெற்ற நினைவுக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

   

பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்களை நினைவுகூரும் இக்கூட்டத்தில், அவருடைய இசைத் திறனைப் பற்றிப் பேச யான் தகுதியுடையவன் அல்லன். சங்கீதம் பயின்றவர்கள் எனக்கு முன்னர் அக்கடமையைச் செவ்வனே செய்துவிட்டார்கள். யான் பயின்றது சட்டம். ஆகவே, அவர் மறைந்த அன்று அவருடைய வீட்டு வாசலில் மக்கள் திரண்டு நின்று அழுதார்களே, அந்த நிகழ்ச்சியைப் பற்றியும், அது நம் முன் எழுப்பும் ஒரு வினாவைப் பற்றியும் மட்டும் பேச அனுமதி கோருகின்றேன்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவர் கொரோனா நோயுற்றுச் சென்னை மருத்துவமனையில் சேர்ந்தார். ஆகஸ்ட் 20ஆந் தேதி மாலை 6 மணிக்கு, திரையுலகத்தாரின் வேண்டுகோளுக்கிணங்க, மக்கள் அவரவர் இருந்த இடத்திலேயே அவருடைய பாடலை ஒலிக்கச் செய்து பிரார்த்தித்தார்கள். செப்டெம்பர் 25ஆந் தேதி அவர் காலமானார். அன்று உடல் நுங்கம்பாக்கத்திலுள்ள இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தொற்று நோய்க் காலம் என்பதையும் மறந்து மக்கள் வெள்ளம் அத்தெருவை நிறைத்தது. அன்றிரவே உடலைத் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் இருக்கும் பண்ணை வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள். மறுநாள், காவற்றுறை மரியாதையுடன், குடும்ப முறைப்படி அங்கே அடக்கம் செய்தார்கள்.

நுங்கம்பாக்கத்தில் திரண்ட மக்கள் செய்தது சரியா, தவறா? இதுவே முதல் வினா.

தவறு என்பார் கூறும் நியாயம் வலிமையுடையது. இறந்தவர் முதலில் குடும்பத்துக்கு உரியவர். பின்னரே ஊருக்கு உரியவர். ஐம்பது நாள் வரை மருத்துவமனை வாயிலில் ஏங்கி நின்ற மனைவியும் மக்களும் தம் வீட்டிலே அமைதியாக ஒரு நாழிகை அழுவதற்கும் இடமில்லாமற் போகலாமா? நோய் பரவும் காலத்தில் நெருக்கியடித்து நிற்பது பிறர் உயிருக்குக் கேடன்றோ? இவற்றை யான் மறுக்கவில்லை. நம் ஊர்களில் இழவு வீட்டுக்குச் செல்பவர் வாசலில் நின்று, வீட்டார் அழைத்த பின்னரே உள்ளே போவது வழக்கம். அதுவே பண்பாடு. அன்பு மிகுந்துவிட்டது என்பதற்காகப் பண்பாட்டைக் கைவிட வேண்டுவதில்லை.

ஆயினும், வந்தவர்களைப் பழிக்க என் மனம் ஒருப்படவில்லை. ஆகஸ்டில் அவர்கள் தத்தம் வீட்டில் நின்றார்கள். செப்டெம்பரில் அவர் வீட்டின் முன் நின்றார்கள். இரண்டும் ஒரே அன்புதான். 50 ஆண்டுகளாக அந்தக் குரல் கதவைத் தட்டாமலே அவர்களுடைய வீட்டுக்குள் வந்து போயிற்று. கல்யாண வீட்டில் அது ஒலித்தது. தேநீர்க் கடையில் ஒலித்தது. இரவு பஸ்ஸில் ஒலித்தது. நம் வீட்டுக்கு ஆயிரந்தரம் வந்தவனுடைய வீட்டுக்கு நாம் ஒருதரம் போகலாகாதா என்று பாமர மனிதன் எண்ணினால், அதிலே குற்றம் காண்பது எளிதன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய தாய்மொழி தெலுங்கு. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த 'அடிமைப் பெண்' படத்தில் எம். ஜி. ஆருக்காகப் பாடியபோதுதான் தமிழகம் அவரை அறிந்தது. அந்த எம். ஜி. ஆர். பிறந்த கண்டியோ இங்கிருந்து 16 மைல் தொலைவு! தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பாடல்களுக்காக 6 முறை இந்தியத் தேசிய விருது பெற்றார். அவர் இறந்தபோது, 'இவர் எந்த மொழியார்?' என்று எவரும் கேட்டுவிட்டு அழவில்லை. மொழியின் பெயரால் இரத்தம் சிந்திய நாட்டில் வாழும் நாம் இதனை மனத்திலே பதிய வைத்தல் வேண்டும்.

தோழர்களே! துக்கங் காத்தல் வெறும் உணர்ச்சியன்று. அது ஓர் உரிமை. 2020 ஏப்ரலில் நம் நாட்டில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கொரோனாவால் இறந்தோர் எவராயினும் எரிக்கப்படல் வேண்டும் என்றது அது. அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் சகோதரர்கள் தம் பெற்றோரின் உடலையும் பிள்ளைகளின் உடலையும் தீக்குக் கொடுத்துவிட்டுக் கலங்கி நின்றார்கள். 2021 பெப்ரவரியிலேதான் அக்கட்டாயம் நீங்கியது. கடலுக்கு அப்பால் ஒரு பாடகரைக் குடும்ப முறைப்படி மண்ணில் வைத்த அதே காலத்தில், கடலுக்கு இப்பால் அந்த உரிமை மறுக்கப்பட்டது. இறந்தவரை எவ்வாறு வழியனுப்புவது என்பதை வீட்டார் தீர்மானிக்க இயலாத இடத்தில், அவ்வீடு வீடாகுமா?

இங்கேதான் யான் கூற வந்த பொருளுக்கு வருகின்றேன்.

நம் மாவட்டத்து மலைத் தோட்டமொன்றில் ஒரு தப்பு வாத்தியார் இருந்தார். பெயர் வேண்டாம். காமன் கூத்துக்கு அவருடைய தப்பு ஒலித்தால் அடுத்த மலையிலிருந்து ஆள் வரும். பிறப்புக்கும் அடித்தார், இறப்புக்கும் அடித்தார். அவர் இறந்த செய்தி கேட்டு யானும் சென்றேன். உடலை லயத்து இஸ்தோப்பில் கிடத்தியிருந்தார்கள். இஸ்தோப்பின் அகலம் உடல் கிடந்த அகலமே. வந்தவர்கள் நிற்க இடமில்லை. மழை பெய்து கொண்டிருந்தது. கானுக்குள் கால் வைத்துக் கொண்டு, கூரையிலிருந்து ஒழுகும் நீர் தோளில் விழ, முப்பது பேர் நின்றோம். அவருக்குத் தப்பு அடிக்க அவர் பழக்கிய பிள்ளைகளில் இருவரே தோட்டத்தில் மிஞ்சியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பின்னர் அவருடைய மகன் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அப்பா இருந்த காம்பராவ எங்க பேருக்கு எழுதிக்க வழி இருக்குங்களா?" என்று கேட்டான்.

சட்டம் படித்த யான் தலைகுனிந்து நின்றேன். அந்தக் காம்பராவுக்கு உறுதி இல்லை. நான்கு தலைமுறை அதிலே பிறந்து இறந்திருந்தாலும் அது தோட்டத்துக்கே உரியது.

பாலசுப்பிரமணியம் அவர்கள், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2020 பெப்ரவரியில், நெல்லூரிலிருந்த குடும்ப வீட்டை வேதபாடசாலைக்கெனக் காஞ்சி மடத்துக்குக் கையளித்தார். வீடு தமக்குச் சொந்தமாக இருந்தமையால் அதனைக் கொடுக்க முடிந்தது. நம் தப்பு வாத்தியார் தம் காம்பராவைத் தாம் பெற்ற மகனுக்கும் கொடுக்க முடியாது. கொடுக்கும் மனம் இருவருக்கும் இருந்தது. கொடுப்பதற்கு ஒருவரிடந்தான் வீடு இருந்தது.

மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக இந்த மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலத்தில் அவ்வழியில் வாந்திபேதியால் வீழ்ந்தவர்கள் பலர். அவர்களுக்காக எவர் வாசலில் எவர் அழுதார்? முத்துமாரியம்மன் சந்நிதியைத் தவிர அவர்களுக்கு வாசல் ஏது? தனி வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்ற கொள்கையை அரசு ஏற்றது. 2017இல் இந்தியா மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தது. வரவேற்கின்றோம். ஆனால், லயத்திலேயே வாழ்வோர் இன்னும் ஏராளம். வீடு பெற்றவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் உளர்.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது: நம் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் தப்புக் கலைஞர்கள், கூத்து வாத்தியார்கள் ஆகியோரின் அடிகளையும் பாடல்களையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள். படித்த இளைஞர்களின் கையிலிருக்கும் தொலைபேசியே இதற்குப் போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் உரிமை அளித்திருக்கின்றது. பதிவிலே அவர்களுடைய பெயரைத் தவறாது எழுதுங்கள்.

இரண்டாவது: கலைஞன் ஒருவன் இறந்தால், ஊர்ச் சங்கம் முதலில் இருவரை அனுப்பி வீட்டாரின் விருப்பத்தைக் கேட்கட்டும். கூட்டம் அதன் பின்னர் போகட்டும்.

மூன்றாவது: லயத்தில் இருப்போரும், உறுதி பெறாத புதுவீட்டாரும் தத்தம் குடும்ப விவரத்தை எழுதிக் கொண்டு வாருங்கள். பிரதேச செயலாளருக்குரிய விண்ணப்பங்களைக் கூலியின்றி எழுதித் தர யானும் என்னுடன் தொழில் புரியும் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கின்றோம். விவசாயிகளாகிய நீங்கள் காணி உறுதியின் அருமையை அறிந்தவர்கள். அறியாதவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெரும் பாடகனுக்காக அழுத கண்ணீர் வீண் போகாது. ஆனால், அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு தப்பு வாத்தியார் இறக்கும்போது, நாம் கானுக்குள் நின்று அழக்கூடாது. அவருடைய சொந்த வாசலில் நின்று அழுதல் வேண்டும். விண்ணப்பத் தாள்கள் மேசை மேல் இருக்கின்றன. கூட்டம் கலையுமுன் வந்து பெயரைப் பதியுங்கள்.