காவலர் கடமை மறந்தால்



மார்பில் தோன்றிய சிறு கட்டியை மறைத்து, எதிர்ப்புச் சக்தி பெருகினால் தானே கரையும் என்று லேகியம் உண்டு ஆறு திங்கள் காத்திருந்த ஒரு சகோதரியை அறிவேன். அக்குளிலும் கட்டி தோன்றிய பின்னரே அவர் மருத்துவரை நாடினார். அவர் நம்பிக்கையில் எங்கே பிழை நேர்ந்தது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

வெள்ளையணுக்கள் நம் உடலின் காவலர். அவற்றுள் பெருவிழுங்கணுக்கள் அயற்பொருளை விழுங்கி அழிக்கின்றன. இவ்விழுங்கும் செயலை ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப் 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மற்றொரு வகையான டி அணுக்கள், கெட்டுப்போன உயிரணுவை இனங்கண்டு கொல்கின்றன.

ஆயினும் புற்றுக்கட்டி வஞ்சகம் மிக்கது. தன்னை நாடிவரும் பெருவிழுங்கணுக்களை அது தன்வயப்படுத்திக்கொள்கிறது. பின்னர் அவையே கட்டிக்குப் புதிய குருதிக்குழாய்கள் முளைக்கவும், புற்றணுக்கள் பிற உறுப்புகளுக்குப் பரவவும் துணைபோகின்றன. டி அணுக்களின் மேலுள்ள பி.டி.-1 என்னும் தடையைத் தூண்டி, புற்றணுக்கள் அவற்றை ஓயச் செய்வதும் உண்டு. காவலர் பகைவர்க்கு உடன்பட்ட கோட்டையில் காவலரின் தொகையை மட்டும் கூட்டிப் பயன் என்ன?

இத்தகைய தடைகளை விலக்கிப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பி.டி.-1 தடையை விலக்கும் மருந்து பெம்ப்ரோலிசுமாப். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றில், பரவும் அபாயம் மிகுந்த தொடக்க நிலையில் இதனைக் கீமோதெரபியுடன் அறுவைக்கு முன்பே அளிக்க 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1998 முதல் வழங்கிவரும் டிராஸ்டுசுமாப், ஹெர்-2 மிகுந்த புற்றணுக்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, இயற்கைக் கொல்லி அணுக்களையும் அவற்றின்மீது ஏவுகிறது.

இம்மருந்துகள் எல்லார்க்கும் பொருந்துவன அல்ல. பெம்ப்ரோலிசுமாப்பினால் விழித்தெழுந்த காவலர், சிலருக்குத் தைராய்டு, நுரையீரல் போன்ற நல்லுறுப்புகளையும் தாக்குவதுண்டு. எவருக்கு எது ஏற்றது என்பதைத் திசு ஆய்வும் மருத்துவரின் தேர்ச்சியுமே தீர்மானிக்கும். கடையில் வாங்கும் சூரணம் தீர்மானிக்காது.

ஆகவே தாய்மார்களே, மார்பில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் கசிவோ கண்டால் நாணி மறைக்காதீர்கள். உடனே மருத்துவரை நாடுங்கள். வீட்டிலுள்ள ஆடவர்களே, அவர்களுடன் நீங்களும் துணை செல்லுங்கள்.