தோற்றவருக்குத்தான் வழி தெரியும்!

(“ஒருவரை நல்ல வழிகாட்டியாக ஆக்குவது பெற்ற வெற்றியா? பட்ட தோல்வியா?” என்ற பட்டிமன்றத்தில், ‘பட்ட தோல்வியே’ என்ற அணியில் பேசியது.)

   

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “நீச்சல் தெரியாதவன்கிட்ட யாராவது நீச்சல் கத்துக்கப் போவாங்களா?”ன்னு. கைதட்டலும் வாங்கிட்டார். ஐயா, நான் உடற்கல்வி ஆசிரியை. வருஷக்கணக்கா மைதானத்துல விசில் ஊதுறவ. பதில் சொல்றேன். நீச்சல் தெரியாதவன்கிட்ட போக வேண்டாம். ஆனா ஒரு தடவை முழுகி, தண்ணி குடிச்சு, தட்டுத்தடுமாறிக் கரையேறினவன்கிட்ட போங்க. எந்த இடத்துல ஆழம்னு அவனுக்குத்தான் தெரியும்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் கட்சிக்குச் சாட்சி சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறேன். பயப்படாதீங்க, டிக்கெட் செலவு உங்க தலையில விழாது! (சிரிப்பு) அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேனேஜர் உண்டு. மேனேஜர்னதும் நமக்கு நாற்காலி, மேசை, கையெழுத்து போடுற பேங்க் மேனேஜர்தான் ஞாபகம் வரும். இவர் அப்படி இல்லை. ஆட்டக்காரர் போட்டிருக்கிற அதே சீருடையைப் போட்டுக்கிட்டு மைதானத்து ஓரத்துல நிற்பார். யார் ஆடணும், யார் பெஞ்சில உட்காரணும், பந்து எறிகிறவரை எப்போ மாத்தணும், எல்லாம் இவர் கையில.

இந்த நாற்காலிக்கு யார் வருகிறார்கள்? பெரிய பெரிய சாதனை படைத்தவர்கள்தானே வரணும்? கேளுங்க!

வால்டர் ஆல்ஸ்டன் என்று ஒருவர். 1936-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில், பெரிய லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஒரே ஒரு முறை மட்டையைப் பிடித்தார். பந்தை அடிக்காமலே அவுட்! அதோடு சரி. அப்புறம் பெரிய லீக்கில் அவர் ஆடவே இல்லை. (சிரிப்பு) சிரிக்கிறோம். அன்னிக்கு அவர் வீடு திரும்பின மனசை நினைச்சுப் பாருங்க. மனுஷன் உடைஞ்சு போகலை. 1940-லிருந்து சின்ன ஊர்களில் சின்ன லீக் அணிகளை நடத்தினார். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாதே, அப்போ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். 1954-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். அந்த அணி அதுவரைக்கும் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியை வென்றதே இல்லை. 1955-ல் வென்று கொடுத்தார்! மொத்தம் நான்கு முறை. ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். அப்படியே 23 ஒப்பந்தம் போட்டார் ஐயா! (கைதட்டல்)

அடுத்த சாட்சி, ஸ்பார்க்கி ஆண்டர்சன். பெரிய லீக்கில் 1959-ல் ஒரே ஒரு சீசன். 152 ஆட்டம். நம்ம ஊர் சிக்சர் மாதிரி அங்கே ஹோம் ரன். அந்த வருஷம் பூரா இவர் அடித்த ஹோம் ரன் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! அப்புறம் 1964 முதல் அஞ்சு வருஷம் சின்ன லீக்கில் மேனேஜர். 1969-ல் ஒரு பெரிய அணியில் கோச். 1970-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு மேனேஜர். “யார் இந்த ஸ்பார்க்கி?”ன்னு பத்திரிகையிலேயே கேட்டார்கள். முதல் வருஷமே 102 வெற்றி! 1975-லும் 1976-லும் உலகத் தொடரை வென்றார்.

அதோடு முடியலை. 1978 சீசன் முடிந்ததும் அதே அணி அவரை வேலையை விட்டு அனுப்பியது. மறுவருஷம் டெட்ராய்ட் அணிக்குப் போனார். 1984-ல் அங்கேயும் உலகத் தொடர்! அமெரிக்க பேஸ்பாலில் இரண்டு லீக். இரண்டிலும் மேனேஜராக நின்று உலகத் தொடரை வென்ற முதல் ஆள் இவர்தான்.

“ஏம்மா, ஜெயிச்சவன் நல்ல மேனேஜர் ஆனதே இல்லையா?”ன்னு அங்கிருந்து ஒரு குரல். ஆகலாம் ஐயா. ஆனா ஜெயிச்சது மட்டுமே போதுமா? டெட் வில்லியம்ஸ் என்ற மாபெரும் வீரர். மொத்தம் 521 ஹோம் ரன். 1969-ல் வாஷிங்டன் அணிக்கு மேனேஜர் ஆனார். முதல் வருஷம் 86 வெற்றி. பிரமாதம்! அடுத்த வருஷம் 70. அதுக்கடுத்து 63. நாலாவது வருஷம் 54. படிக்கட்டு இறங்குற மாதிரி! அணியில் பலவீனம் இருந்திருக்கலாம், நியாயம்தான். ஆனா ஒன்று சொல்கிறேன். கை தானா அடிச்சிடுற மேதைக்கு, அடிக்க முடியாதவனுடைய தவிப்பைப் புரிஞ்சுக்கிறது கஷ்டம். பெஞ்சில உட்கார்ந்தவன்தான் ஆட்டத்தை முழுசாப் பார்த்திருக்கான்!

மேனேஜர் வேலையிலேயே கொடுமையான வேலை எது தெரியுமா? ஒரு பையனைக் கூப்பிட்டு, “தம்பி, நீ மறுபடி சின்ன லீக்குக்குப் போ” என்று சொல்றது. டாமி லசோர்டா என்ற பந்து வீச்சாளர் 1955-ல் அந்த வார்த்தையைக் கேட்டவர். சாண்டி கூஃபாக்ஸ் என்ற 19 வயசுப் பையனுக்கு அணியில் இடம் வேண்டும் என்று இவரை இறக்கி அனுப்பினார்கள். பெரிய லீக்கில் இவர் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. நான்கு தோல்விதான் கணக்கு. அந்த மனுஷன்தான் சின்ன லீக்கில் வருஷக்கணக்கில் இளைஞர்களை வளர்த்து, 1976-ல் ஆல்ஸ்டன் விட்ட நாற்காலியில் உட்கார்ந்து, 20 வருஷம் அணியை நடத்தி, இரண்டு முறை உலகத் தொடரை வென்றார்!

இன்னொரு கணக்கு. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். நூறு ஜெயித்தால் ஊரே கொண்டாடும். அப்பவும் 62 தோல்வி! கானி மேக் என்ற பெரியவர் பிலடெல்பியா அணிக்கு மட்டுமே 50 வருஷம் மேனேஜராக இருந்தார். அவர் வாழ்நாள் கணக்கில் வெற்றி 3,731. தோல்வி 3,948! ஜெயிச்சதைவிடத் தோத்தது அதிகம். ஆனாலும் உலகத் தொடரை அஞ்சு தடவை வென்றார். தோத்த மறுநாள் காலையில அணியை எழுப்பத் தெரிஞ்சவருக்குப் பேர்தான் மேனேஜர்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, கடைசியா என் வீட்டுக் கதை. என் மகன் பிளஸ் டூ-வில் இயற்பியலில் தவறிவிட்டான். ரிசல்ட் வந்த அன்னிக்குக் கதவைச் சாத்தினவன் ராத்திரி வரைக்கும் திறக்கலை. அவங்கப்பா தான் வாங்கின மெடலைப் பத்திச் சொன்னார். திறக்கலை. அடுத்த வீட்டுப் பையன் முதல் மார்க் வாங்கின கதையைச் சொன்னார். சுத்தமா திறக்கலை! நான் கதவுக்கு வெளியே தரையில உட்கார்ந்தேன். “டேய் கண்ணா, அம்மா பத்தாவதுல கணக்குல பெயிலுடா. ரெண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினேன்” என்றேன். பதினேழு வருஷமா அவன்கிட்ட மறைச்ச விஷயம் ஐயா அது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து, “நிஜமாவா அம்மா?” என்று ஒரு குரல். கதவு திறந்தது.

என் வெற்றி எதுவும் அந்தக் கதவைத் திறக்கலை. என் தோல்வி திறந்தது!

அதனால் பெற்றோர்களே, பிள்ளைகள்கிட்ட நீங்க வாங்கின பரிசை மட்டும் காட்டாதீங்க. வாங்கின அடியையும் காட்டுங்க. வெற்றி எவ்வளவு உயரத்தில் இருக்குன்னு ஜெயிச்சவன் சொல்லுவான். விழுந்த இடத்திலிருந்து அங்கே எப்படி ஏறிப் போறதுன்னு, விழுந்து எழுந்தவன்தான் சொல்ல முடியும். எனவே, நல்ல வழிகாட்டியை உருவாக்குவது பட்ட தோல்வியே, பட்ட தோல்வியே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன். தீர்ப்பு எதிரா வந்தாலும் கவலையில்லை ஐயா, அடுத்த பட்டிமன்றத்துக்கு இன்னும் நல்லாத் தயாராகிடுவேன்!  (சிரிப்பு, கைதட்டல்)