பெரிய டயர் போட்டால் டீசல் மிச்சமாகுமா?



டிராக்டரின் பின் டயர் தேய்ந்து போயிற்று, புது டயர் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். "பன்னெண்டு நாலு எதுக்குங்க? பதிமூணு ஆறு போடுங்க. நல்லா இழுக்கும், டீசலும் மிச்சமாகும்" என்று அங்கே யாராவது ஒருவர் சொல்லுவார். ஊரில் ஏற்கெனவே போட்டவரும் "ஆமாங்க, எனக்கு மிச்சமாகுது" என்பார். ஒரு ஜோடி டயர் வாங்குவது சின்னச் செலவு இல்லை. அந்தப் பேச்சை நம்பிப் பணம் போடுவதற்கு முன்னால், டயர் அளவை மாற்றினால் வண்டியில் எதெல்லாம் மாறும், எதெல்லாம் மாறாது என்று பார்த்துவிடுவோம்.

டயரின் பக்கவாட்டில் 12.4-28, 13.6-28, 14.9-28 என்று எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ரிம் ஒன்றே 28 அங்குலம்தான். ஆனால் டயர் அகலமாக ஆக உயரமும் கூடும். 12.4 டயரின் விட்டம் சுமார் 126 சென்டிமீட்டர், 13.6 சுமார் 131, 14.9 சுமார் 136. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆக ஒரு அளவு ஏற்றிப் போட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் கூடுதலாக நகரும். நூற்றுக்கு நாலு பங்கு என்று மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு அளவு ஏற்றினால் எட்டுப் பங்கு.

இந்த நாலு பங்கு இன்ஜினுக்குத் தெரியாது. கியர்ப்பெட்டிக்கும் தெரியாது. அவை பழையபடியேதான் சுற்றும். மீட்டரும் அப்படித்தான். டிராக்டரின் மீட்டரில் மணி ஓடுவது சக்கரத்தால் அல்ல, இன்ஜினால். அதனால் டயர் மாற்றியதால் மணிக்கணக்கு கூடாது, குறையாது. வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் இதில் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சில டிராக்டர்களில் அதே மீட்டரில் 'இந்தக் கியரில், இத்தனை சுற்றில், இத்தனை கிலோமீட்டர் வேகம்' என்றும் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு கம்பெனி போட்டுத் தந்த டயருக்கு மட்டுமே சரி. ஒரு அளவு பெரிய டயர் போட்ட பிறகு, மீட்டரில் 25 என்று இருந்தால் வண்டி உண்மையில் 26-ல் போகிறது. கரும்பு லோடு ஏற்றி மெயின் ரோட்டில் வரும்போது இது கவனிக்க வேண்டிய விஷயம். வேகம் கூடியிருக்கிறது, பிரேக் அதேதான். பெரிய சக்கரத்தை நிறுத்த அதற்குப் பாடும் அதிகம்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வரும். அத்தகைய வண்டியில் பின் டயரை மாற்றினால் மீட்டர் தப்பாது, முன் டயரை மாற்றினால்தான் தப்பும். பெரிய டயர் போட்டு மீட்டர் தப்பிய வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 96 தான் ஏறும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்தால் மைலேஜ் குறைந்தது போலத் தெரியும். உண்மையில் குறைந்திருக்காது. சின்ன டயர் போட்டவருக்கு இதற்கு நேர்மாறாக, மைலேஜ் கூடினது போலத் தெரியும். மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன்னால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். கிலோமீட்டர் கல் உள்ள ரோட்டில் பத்துக் கல் தூரம் ஓட்டிப் பார்த்தால் மீட்டரின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இனி டீசலுக்கு வருவோம். டயர் பெரிதானால் வண்டி அரைக் கியர் ஏற்றிப் போட்டது மாதிரி ஆகிறது. லேசான வேலை, காலி டிரெய்லர், புழுதி உழவு என்றால் அதே இன்ஜின் ஓட்டத்தில் கொஞ்சம் அதிக தூரம் போகும். டீசல் சிறிது மிச்சமாகலாம். ஆனால் ஆழ உழவு, களிமண், இறுகிய கரிசல் என்று வந்தால் இன்ஜின் முக்கும், கரும்புகை கக்கும். டிரைவர் ஒரு கியர் குறைப்பார். குறைத்த உடனே வேகம் போய்விடும், ஏக்கருக்கு நேரம் கூடும், டீசலும் கூடும். குதிரைத்திறன் குறைந்த டிராக்டரில் 14.9 போட்டு மிச்சம் தேடுவது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை.

"அப்படியானால் மிச்சமாகுது என்கிறவர் பொய்யா சொல்றார்?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. அவர் கழற்றியது பட்டன் தேய்ந்த பழைய டயர், மாட்டியது புது டயர். தேய்ந்த டயர் வயலில் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் எரியும், வண்டி மட்டும் நகராது. பட்டன் நன்றாக உள்ள எந்தப் புது டயரைப் போட்டிருந்தாலும் அவருக்கு மிச்சம் கிடைத்திருக்கும். பழைய அளவிலேயே போட்டிருந்தாலும்தான். இன்னொன்றும் இருக்கிறது. பட்டனின் உயரம் ஓர் அங்குலம் தேய்ந்தால் டயரின் சுற்றளவு ஆறு அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அதாவது மொட்டையான 13.6 டயரும் புதிய 12.4 டயரும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே டீசல் போகும் இடம் இந்த வழுக்கல். அதை நீங்களே அளக்கலாம். டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கியபடி வயலில் ஓட்டச் சொல்லி, அந்தக் கோடு பத்துத் தடவை கீழே வரும்வரை எவ்வளவு தூரம் போகிறது என்று டேப்பால் அளங்கள். 40 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பிறகு கலப்பையை மண்ணில் இறக்கி, அதே கியரில் அதே பத்துச் சுற்று. 35 மீட்டர் வந்தால் வழுக்கல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. உழவில் பத்திலிருந்து பதினைந்து வரை இருக்கலாம். 30 மீட்டர்தான் வந்தது என்றால், நாலு லிட்டர் டீசலுக்கு ஒரு லிட்டர் சக்கரத்தைச் சும்மா சுற்றவே போகிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அப்போது டயரில் காற்று அதிகமா, பட்டன் தேய்ந்ததா என்று பாருங்கள். ரோட்டில் லோடு இழுக்க ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிறவர்கள் அநேகம் பேர். அது தப்பு. வயலுக்கு எவ்வளவு, ரோட்டுக்கு எவ்வளவு என்று டிராக்டர் புத்தகத்தில் இருக்கிறது. அதன் பிறகும் வழுக்கினால் டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் ஏற்றலாம். வழுக்கல் பத்துக்கும் கீழே இருந்தாலும் நல்லதல்ல. பாரம் மிஞ்சிவிட்டது, மண்ணும் இறுகும் என்று அர்த்தம்.

மருந்து அடிக்கிறவர்களும் ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்களும் இதைக் கேளுங்கள். ரோட்டவேட்டரும் ஸ்பிரேயர் பம்பும் இன்ஜின் ஓட்டத்தால் ஓடுகின்றன. டயர் மாறினால் அவற்றின் வேகம் மாறாது, வண்டி நகரும் வேகம் மட்டும் கூடும். எனவே ரோட்டவேட்டரில் கட்டி கொஞ்சம் பெரிதாக விழும். ஸ்பிரேயரில் ஏக்கருக்குப் போய்ச் சேரும் மருந்து நூற்றுக்கு நாலு பங்கு குறையும். பழைய கணக்கில் மருந்து கலக்காமல், தண்ணீரை மட்டும் நிரப்பி ஒரு காணி ஓட்டிப் பார்த்து, புதுக் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

டயரை மாற்றித்தான் தீருவது என்றால், பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி டீசல் டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். அளந்த ஒரு ஏக்கரை உழுங்கள். திரும்ப அதே இடத்தில் நிறுத்தி, லிட்டர் அளவையால் விளிம்பு வரை ஊற்றுங்கள். ஊற்றியதுதான் ஏக்கருக்கு ஆன டீசல். நோட்டில் எழுதி வையுங்கள். புது டயர் வந்ததும் அதே மண், அதே ஈரம், அதே கலப்பை, முடிந்தால் அதே டிரைவர். மணிக்கு இத்தனை லிட்டர் என்று பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று பாருங்கள்.

உங்கள் ரிம்மின் அகலம் பெரிய டயருக்குப் போதுமா, மட்கார்டில் இடிக்குமா என்று கடையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற டிராக்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடுமாறு கியர் அமைத்திருப்பார்கள். அந்த முந்துதலே நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான். பின் டயரை மட்டும் ஒரு அளவு ஏற்றினால் அந்தக் கணக்கு கெட்டு, முன் சக்கரம் இழுப்பதற்குப் பதில் பிரேக் பிடித்த மாதிரி இழுபடும். டயரும் தேயும், முன் அச்சின் கியரும் தேயும். அத்தகைய வண்டிக்கு முன்னும் பின்னும் கம்பெனி சொன்ன ஜோடியைத் தவிர வேறு போட வேண்டாம்.